ரெஃபரல் வாங்கப் போன ஹவில்தார்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலிக்கிறது என்பது முதலில் எனக்குத்தான் தெரிந்தது. அவர் ஒப்புக்கொள்ள மாசக்கணக்கில் ஆனது. அரசாங்கம் ஒப்புக்கொள்ள அதற்கு மேலும் ஆனது.

பண்பொழி திருமலைக் கோயிலுக்குப் படியேறிக்கொண்டிருந்தோம். பாதியில் நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கீழே தெரிந்த தென்னந்தோப்பையும் குளத்தையும் பார்த்து, "காட்சி நல்லாருக்குல்லா?" என்றார். இந்த மனிதர் வாழ்நாளில் எந்தக் காட்சியையும் ரசித்தவரில்லை. ராணுவத்தில் காஷ்மீரில் இருந்தாரே, எப்படி இருந்தது என்று யார் கேட்டாலும், "குளிரும்" என்பார். அவ்வளவுதான் காஷ்மீர். அப்படிப்பட்டவர் கொஞ்சம் மேலே போய் மறுபடியும் நின்று தென்னந்தோப்பை ரசித்தார். நெற்றி ரசிக்கவில்லை, வேர்த்துக் கொட்டியது.

"என்ன செய்யுது?" என்றேன்.

"ஒண்ணும் செய்யல. நீ நட."

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வம்சம். ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். பென்ஷன், கேன்டீன் கார்டு, எல்லாவற்றுக்கும் மேலே மருத்துவ அட்டை. முன்னாள் ராணுவத்தாருக்கென்று ஒரு மருத்துவத் திட்டம் இருக்கிறது. அந்த அட்டை இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பார்க்கலாம், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நேரே போய்விட முடியாது. முதலில் திட்டத்தின் பாலிகிளினிக்குப் போக வேண்டும். அங்கே இருக்கிற டாக்டர், "ஆமாம், இவருக்கு வியாதிதான்" என்று ரெஃபரல் எழுத வேண்டும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு, திட்டத்தின் பட்டியலில் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

தென்காசியில் எங்கள் தெருமுனையிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு மட்டும். அவருடைய கண்ணை அந்தக் கட்டடத்தில் நம்பி ஒப்படைக்கலாம். நெஞ்சை ஒப்படைக்கக் கூடாது. மூன்றாவது மாடி கண், நாலாவது மாடி இதயம், இரண்டுக்கும் ஒரே லிஃப்ட்டுதான். அரசாங்கத்தின் நம்பிக்கை மட்டும் மூன்றாவது மாடியில் இறங்கிக்கொள்கிறது.

"அட்டையை விடுங்க, நம்ம கைக்காசைப் போட்டு அங்கனயே போய்க் காட்டுவோம்" என்றேன்.

"அதெல்லாம் கூடாது. ப்ராப்பர் சேனல்னு ஒண்ணு இருக்கு."

இவர் பெண் பார்க்க வந்ததும் ப்ராப்பர் சேனலில்தான். முதலில் என் சித்தப்பாவிடம் பேசினார், பிறகு அப்பாவிடம் பேசினார், பிறகு அண்ணனிடம் பேசினார். என்னிடம் பேசியபோது தாலி கட்டி முடிந்திருந்தது.

குறிப்பிட்ட வயது தாண்டியவர்கள் ரெஃபரல் இல்லாமலே நேரே போகலாம் என்று முன்னாள் ராணுவத்தாரின் வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். ஆசையாகப் பார்த்தேன். இவர் உடம்புக்கு அந்த வயது ஆகிவிட்டது. ஆனால் சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, ஹெட்மாஸ்டர் கைக்கு வந்த ஒரு தேதியைப் போட்டு இவரை இளைஞராக்கி விட்டார். ராணுவத்துக்கும் அந்தத் தேதிதான், அட்டையிலும் அந்தத் தேதிதான். நெஞ்சுக்கு மட்டும் இந்த விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

ஒருவழியாகச் சண்டை போட்டுப் பாலிகிளினிக்குக் கிளப்பினேன். பஸ்ஸில் போய் வர ஒரு பகல் போய்விடும். கிளம்பிய கோலத்தைப் பார்க்க வேண்டுமே! மழுங்கச் சவரம், கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட சட்டை, முகம் பார்க்கிற மாதிரி ஷூ.

"கொஞ்சம் நோயாளி மாதிரி வாங்களேன். மாப்பிள்ளை மாதிரி போனா எவன் ரெஃபரல் எழுதுவான்?" என்றேன்.

"யூனிஃபார்ம் இல்லேன்னாலும் டர்ன்-அவுட் முக்கியம், ஆளு பளிச்சுன்னு நிக்கணும்" என்றார். ஷூவை இன்னொரு தடவை துடைத்துக்கொண்டார்.

பாலிகிளினிக்கின் பெஞ்சு தனி உலகம். யாரும் சொல்லாமலே பதவி வரிசையில் உட்காருகிறார்கள். ஒரு சுபேதார் உள்ளே வந்தால் ஹவில்தார் எழுந்து இடம் விடுகிறார். ஹவில்தாருக்கு நாயக் எழுந்திருக்கிறார். முதுகுவலிக்காரருக்கு மூட்டுவலிக்காரர் எழுந்து நிற்கிற கூத்தை நான் அங்கேதான் பார்த்தேன். பெஞ்சாதிமாரும் அப்படியே. ஒரு சுபேதார் வீட்டம்மா என்னைப் பார்த்து லேசாகத் தலையை அசைத்தார். இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் அந்த அம்மாவின் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, அவன் பாஸாக வேண்டுமே என்று நான் நேர்ந்துகொண்டதெல்லாம் அங்கே செல்லாது.

நோயாளி மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். போனார். போன வேகத்தில் சிரித்துக்கொண்டே வந்தார். கையில் வாய்வு மாத்திரை.

"என்ன சொன்னாவ?"

"கேஸாம்."

"நீங்க என்ன சொன்னீய?"

"டாக்டரம்மா என்ன செய்யுதுன்னு கேட்டா. அந்த நேரம் பாத்து கர்னல் சாப் உள்ள வந்தாவ. எப்படி இருக்கேன்னு கேட்டாவ. ஃபஸ்ட் கிளாஸ்னு சொன்னேன்."

"நெஞ்சு வலின்னு சொல்லலையா?"

"கர்னல் சாப் கேக்கும்போது அப்படிச் சொல்ல முடியுமா? கோட்டி மாதிரி பேசுதியே."

எனக்குப் பைத்தியமாம்! இந்தக் கர்னல் என்பவர் டாக்டர் இல்லை. ரிட்டயர் ஆன ராணுவ அதிகாரி, பாலிகிளினிக் நிர்வாகத்தைப் பார்க்கிறவர். நல்ல மனிதர்தான். மீசைக்குள்ளேயே சிரிப்பார். ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்து, வந்திருக்கிற பழைய சிப்பாய்களை அன்பாக விசாரிப்பார். அந்த அன்புதான் ஆளைக் கொல்லுகிற அன்பு. ஏனென்றால் ராணுவத்தில் அதிகாரி "எப்படி இருக்கே?" என்று கேட்டால் அதற்கு ஒரே பதில்தான். குண்டடி பட்டுக் கிடந்தாலும் அதே பதில்தான். வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு வைத்தியர் அறைக்குப் போகிறவனை, வேலைக்குச் சாக்குச் சொல்லுகிறவன் என்று கூட இருக்கிறவர்களே கேலி செய்வார்களாம். காய்ச்சலோடு பகல் முழுக்க மூட்டை தூக்கி நடந்ததை இவர் இன்னமும் பெருமையாகச் சொல்லுவார். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது ஊருக்கெல்லாம் தெரியும். அழக் கூடாது என்று பழக்கி, பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டு, இப்போது அழுதால்தான் பால் என்று ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். இதை யோசித்தவன் யாரென்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

வாய்வு மாத்திரை தீர்ந்தது. வலி தீரவில்லை. மாடியில் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவர் நடுப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டிருந்தார். வார் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ராத்தூக்கம் போனது. பக்கத்தில் படுத்திருக்கிறவர் மூச்சு விடுகிறாரா என்று கையை வைத்துப் பார்ப்பேன். "சும்மா தொடாத, தூக்கம் கெடுது" என்பார். இந்த ஆள் ஒருநாள் பேச்சு மூச்சில்லாமல் போய்விடுவார், போன பிறகும் கேட்டால் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லுவார் என்று நினைப்பேன். சிரிப்பு வராது.

சாரல் ஆரம்பித்திருந்தது. இரண்டாம் தடவை பாலிகிளினிக்குப் போனபோது நானும் உள்ளே வருவேன் என்று அடம்பிடித்து நுழைந்துவிட்டேன். டாக்டரம்மா சின்ன வயசு, ராணுவத்தோடு சம்பந்தமில்லாதவர், பொறுமையான பெண். ஈ.சி.ஜி. எடுத்தார். படுத்துக்கொண்டு எடுத்ததால் அதுவும் இவரைப் போலவே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டது.

"ஐயா, படி ஏறும்போது நெஞ்சை அடைக்குதா?" என்று அந்தப் பெண் கேட்டது.

இவர் வாயைத் திறந்தார். சத்தியமாகச் சொல்லுகிறேன், உண்மையைச் சொல்லத்தான் திறந்தார். கதவும் திறந்தது. கர்னல்.

நாற்காலி பின்னால் விழுகிற மாதிரி எழுந்தார். குதிகால் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

"என்ன ஹவில்தார், ஆல் ஓகே?"

"ஃபஸ்ட் கிளாஸ், சாப்!"

"சார், ஓகே இல்ல சார். படி ஏறினா நின்னு நின்னு ஏறுதாவ. வேர்க்குது. ராத்திரி நெஞ்சைத் தடவுதாவ" என்று நான் நடுவில் புகுந்தேன்.

கர்னல் மரியாதையாகச் சிரித்தார். "மேடம், பேஷண்ட் பேசட்டுமே."

பேஷண்ட் பேசினார். "வீட்ல கொஞ்சம் பயந்த சுபாவம், சாப்."

இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் நோயாளியே ஒன்றும் இல்லை என்கிறார், ஈ.சி.ஜி.யும் இல்லை என்கிறது, மேலதிகாரி பக்கத்தில் நிற்கிறார், அது என்ன செய்யும்? நோயாளி நலம், புகார் இல்லை என்று எழுதி, வலி வந்தால் உடனே வரச் சொன்னது.

பஸ்ஸில் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "உங்க கர்னலையே கட்டிக்கிட்டு அழுங்க. சுடுகாட்டுக்கும் ப்ராப்பர் சேனல்ல போங்க. அங்கனயும் கேப்பாவ எப்படி இருக்கேன்னு, எந்திரிச்சு நின்னு சொல்லுங்க!" முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். தென்காசியில் இறங்கியதும் அவர் தள்ளுவண்டியில் மங்குஸ்தான் வாங்கிக் கையில் கொடுத்தார். லஞ்சம்! நானும் தின்றேன். கோபம் மட்டும் குறையவில்லை.

சீசன் உச்சத்தில் மதுரையிலிருந்து என் தங்கை குடும்பம் குளிக்க வந்தது. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டால் ஆனி ஆடியில் சொந்தம் பெருகிவிடும். காலையிலேயே ஐந்தருவிக்குப் போனோம். ஆம்பிளைகள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தால் தங்கை வீட்டுக்காரர் ஈரத் துண்டோடு ஓடி வருகிறார்.

"மைனி, அண்ணாச்சிக்கு என்னமோ மாதிரி இருக்கு."

பஜ்ஜிக்கடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. அருவியில் நனைந்தவருக்கு வேர்த்தது எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான் துண்டால் நெற்றியைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க முத்து முத்தாக வந்தது. கை ஜில்லென்று இருந்தது. நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் "ஏ ஆட்டோ!" என்று கத்தினேன். ஊரிலிருக்கிற காரெல்லாம் அன்றைக்கு அந்த ரோட்டில்தான் நின்றது. ஆட்டோக்காரர் எந்தெந்தச் சந்தில் புகுந்தாரோ, தென்காசிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தெருமுனை ஆஸ்பத்திரிதான். கண்ணாவது மூக்காவது, நான் யாரையும் கேட்கவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் பக்கத்தில் குனிந்து, எல்லா டாக்டரும் கேட்கிற மாதிரி அன்பாகத்தான் கேட்டார்.

"ஐயா, எப்படி இருக்கீங்க?"

"ஃபஸ்ட் கிளாஸ்."

செத்துக்கொண்டிருக்கிற மனிதர் சொல்லுகிறார்! டாக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். அடுத்த கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், எனக்குள் என்ன ஏறியதோ தெரியாது. பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பையன்களையெல்லாம் நடுங்க வைத்த தொண்டையை மொத்தமாகத் திறந்தேன்.

"ஹவில்தார்! ரிப்போர்ட்!"

அந்த ஹாலே அடங்கியது. நர்ஸ் கையில் இருந்த ஊசியோடு நின்றுவிட்டது. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் குதிகால் இரண்டும் ஒன்றையொன்று தேடின. நலம் விசாரித்தால் பொய் சொல்லலாம். ரிப்போர்ட்டில் பொய் சொன்னால் பக்கத்தில் நிற்கிறவன் செத்துப்போவான். அந்தப் புத்தி அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"நெஞ்சு நடுவுல வலி, சார். இடது தோள் வரைக்கும் இழுக்குது. பங்குனிலேருந்து இருக்கு. திருமலைப் படியில வந்தது. மாடிப்படியில வருது. இப்பம் நடக்காமலே வருது. வீட்ல சொல்லல."

"ஏன் சொல்லல?" என்றார் டாக்டர். அதற்குள் அவர் கை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது.

"பயமா இருந்துச்சு, சார்."

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். பயமாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே, சொட்டச் சொட்ட ஈரச் சேலையோடு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

நாலாவது மாடிக்கே கொண்டுபோனார்கள். ரத்தக்குழாய் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று பெரிய டாக்டர் சொன்னார். பிழைத்தார். கண் விழித்ததும் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "பாலிகிளினிக்குத் தகவல் சொல்லியாச்சா?"

விதி அப்படித்தான். அவசரம் என்றால் பட்டியலில் இல்லாத இடத்துக்கும் போகலாம்; ஆனால் உடனே தகவல் சொல்லி, அது அவசரம்தான் என்று நிரூபிக்க வேண்டும். சொன்னோம். காகிதமெல்லாம் கொடுத்தோம். மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி திரும்பி வந்தது. நோயாளி இரண்டு தடவை பாலிகிளினிக்கு வந்திருக்கிறார், இரண்டு தடவையும் நலம், நெஞ்சு வலிப் புகார் இல்லை என்று பதிவாகியிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு இது எப்படி அவசரமாகும்?

படித்துவிட்டு நான் சிரித்தேன். என்னத்தைச் செய்ய? அவர் மரியாதைக்குச் சொன்ன இரண்டு பொய்யை அரசாங்கம் வேத வாக்காக எடுத்துக்கொண்டது. ராணுவத்தில் இருந்த காலமெல்லாம் அவர் சொன்ன உண்மை எதையும் இப்படிப் பத்திரப்படுத்தியிருப்பார்களா, சந்தேகம்தான். "போங்க, உங்க கர்னல்கிட்டயே போய்ச் சொல்லுங்க, அன்னைக்குச் சொன்னது பொய்னு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் கம்பி விட்டபோதுகூட அந்த முகம் அப்படிச் சுருங்கியிருக்காது.

போனோம். நானும் கூடவே போனேன். இல்லாவிட்டால் அங்கேயும் ஃபஸ்ட் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். கர்னல் தன் அறையில் உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை.

"சாப்," என்றார். தொண்டையைச் செருமினார். "அன்னைக்கு ரெண்டு தடவையும் நான் சொன்னது தப்பு, சாப். வலிச்சுது. நல்லா வலிச்சுது. நீங்க கேட்டதால சொல்லல."

கர்னல் மேசை டிராயரைத் திறந்தார். மேலிடத்துக் காகிதத்தை எடுத்து, தானே விளக்கம் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். சொன்னபடி எழுதினார், கிடைக்க வேண்டியது கிடைத்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் கிளம்பப் போகும்போது கையைக் காட்டி நிறுத்தினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தச் சின்ன நடைக்கே அவர் மூச்சு கொஞ்சம் பெரிதாக வந்தது.

"ஸ்டென்ட் வைக்கும்போது வலிக்குமா, ஹவில்தார்?"

"இல்ல, சாப்."

"அதுக்கு முன்னாடி... அந்த வலி எப்படி இருந்தது? நடந்தா மட்டும் வருமா? இல்ல, சும்மா உக்காந்திருந்தாலும்..."

கேட்டுக்கொண்டே இடது தோளை வலது கையால் பிசைந்தார். பிசைகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் மாசக்கணக்கில் நான் பார்த்த கை அது.

"சார், உங்களுக்கு எத்தன மாசமா இருக்கு?" என்றேன்.

கை சட்டென்று கீழே இறங்கிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. மீசைக்குள் சிரிப்பும் வந்துவிட்டது. "சேச்சே, எனக்கென்ன மேடம்? ஐ ஆம் ஃபைன். பொதுவாத்தான் கேட்டேன். ரவுண்ட்ஸ் இருக்கு, நான் கிளம்பறேன்."

இவரை அதட்ட எனக்கு ஒரு தொண்டை இருந்தது. அந்த மனிதரை அதட்ட அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ, பயம்தான் வந்தது. நான் கதவைத் திறந்து, பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "டாக்டரம்மா, இங்கன கொஞ்சம் வாங்க. கர்னல் சாருக்கு நெஞ்சு வலிக்குது!" என்று கூப்பிட்டேன்.

"மேடம், ப்ளீஸ்" என்று கர்னல் எழுந்து வாசலுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் அவருக்கு முன்னால் போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வழி விடு, ஹவில்தார்."

"முடியாது, சாப்."